ஒரே இழை, நாலு பக்கம்: ஒரு சிக்குக் கோலக்காரரும் அவருடைய விதிகளும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 25 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய பதிவு. சென்னையில் அப்பா அம்மாவோடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறார், ஏழு வயதிலிருந்து சிக்குக் கோலம் போடுகிறார். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காமை, மிகைச் செயல்பாடு) சேர்ந்தே இருப்பது 2022-ல்தான் தெரியவந்தது. ஒன்பது வயதில் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள், ஏடிஹெச்டி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது புழக்கத்தில் இருந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி இரண்டையும் ஒருவருக்கே சேர்த்து எழுத இடமில்லை. 2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தத் தடை போனது. அதற்குள் இவர் பதின்ம வயதுக்கு வந்துவிட்டார். நடுவில் இருந்த வருடங்களில் ஏன் திட்டு விழுகிறது என்று புரியாமல், திட்டு விழாமல் இருக்கத் தானே ஒவ்வொரு விதியாகச் சேர்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறார்.

நான் வயதுவந்த நியூரோடைவர்ஜென்ட் ஆட்களுக்கு, அதாவது ஆட்டிசம், ஏடிஹெச்டி போல மூளை வேறு விதமாக இயங்குகிறவர்களுக்கு, ஓவிய வகுப்பு எடுக்கிறவள். என்னோடு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) இருக்கிறார், வாரம் ஒருநாள் ஒரு மருத்துவ உளவியலாளர் வருவார். 2023 ஏப்ரலில் இந்தப் பெண் தானாகவே எங்களிடம் வந்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சொந்தமா ஒரு கோலம் போடணும் அக்கா. புத்தகத்துல இருக்கறது எல்லாம் வருது. சொந்தமா வரல."

அதற்குச் சில மாதம் முன்பு வேறொரு இடத்தில் ஒரு வாரயிறுதிப் பயிலரங்குக்குப் போயிருக்கிறார். அங்கே நடத்தியவர் எல்லா விதியையும் தூக்கி எறியுங்கள், புள்ளியே வைக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கை போகிற போக்கில் இழுங்கள் என்றாராம். இவர் மாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், பேச்சும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் வாசலில் புள்ளிகூட வைக்கவில்லை. நாங்கள் அடுத்து எடுத்த முடிவுகளில் பாதிக்குக் காரணம் இந்தத் தகவல்தான்.

இதை எழுத அவர் ஒப்புக்கொண்டார், படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தமும் போட்டார். (மெய்ப்புப் பார்க்கிறவரைப் பற்றி எழுதினால் இப்படித்தான்.)

வந்தபோது இருந்த நிலை

கோலம் போட்டுப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. புள்ளி வைப்பதில் நேர்ப்புள்ளி, இடுக்குப் புள்ளி என்று இரண்டு வகை. நேர்ப்புள்ளியில் புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வரும், இடுக்கில் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வரும். 7 புள்ளி 4 வரை இடுக்கு என்றால் நடு வரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும், மொத்தம் 37 புள்ளி. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது, சுற்றிப் போகும். இவர் 15 புள்ளி 8 வரை இடுக்கில், அதாவது 169 புள்ளிகளை வைத்து, நோட்டைப் பார்க்காமல் போடுவார். இழையின் பருமன் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மாறாது. இத்தனை கை வாகு உள்ள ஒருவருக்கு நான் கோலம் சொல்லித்தர எதுவுமில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதல் சில வாரம் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்த கோலத்தைப் போடும்போது தடையே இல்லை. சொந்தமாகப் போட உட்கார்ந்தால் புள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் அசையமாட்டார். அப்புறம் தொடங்குவார். எங்கோ ஓர் இடத்தில் இழை, சில புள்ளிகள் மீதியிருக்கும்போதே தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொள்ளும். உடனே ஈரத்துணியை எடுத்துப் புள்ளியோடு சேர்த்து எல்லாவற்றையும் அழிப்பார், தரை காயும்வரை நின்றுகொண்டே இருப்பார், மறுபடி புள்ளி வைப்பார். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மறந்துபோகும். கல்மாவு பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்திருந்தது. ஒருநாள் வகுப்பு முடியும்வரை இப்படி அழித்துக்கொண்டே இருந்து, வீட்டுக்குப் போய் அங்கேயும் தொடர்ந்து, அன்றிரவு அனுப்ப வேண்டிய மெய்ப்பை அனுப்ப முடியாமல் போனது.

என்னென்ன விதி வைத்திருக்கிறீர்கள், எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அடுத்த வகுப்புக்கு எண்ணிட்டு எழுதிக் கொண்டுவந்தார். கோலம் ஒரே இழையில் முடிய வேண்டும். ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது. நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தப்பு வந்தால் ஒட்டுப்போடக் கூடாது, முழுதாக அழித்துவிட்டுப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். பொழுது விடிந்த பிறகு கோலம் தொடங்கக் கூடாது. சிக்குக் கோலத்தில் கலர் கூடாது. சொந்தக் கோலம் என்றால் அதுவரை புத்தகத்திலோ யார் வாசலிலோ பார்த்த எதையும் போல இருக்கக் கூடாது.

ஆயிரக்கணக்கான கோலங்களை மனதில் வைத்திருக்கும் ஒருவரை ஆயுசுக்கும் எதுவும் போடவிடாமல் செய்ய அந்தக் கடைசி விதி ஒன்றே போதும்.

இன்னொன்றையும் கவனித்தோம். எங்கள் வகுப்பு காலை பத்தரைக்கு. விடிந்தபின் தொடங்கக் கூடாது என்றால் இங்கே எப்படிப் போடுகிறார்? கேட்டதற்குத் தயங்காமல் சொன்னார்: "இங்க போடறது கோலம் இல்ல அக்கா, பிராக்டிஸ்." ஆக, விதிக்கு விலக்கு எழுத அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இந்த ஒரு பதிலை வைத்துத்தான் மீதி வேலையே நடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, இது ஓசிடியா, அதாவது பயத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினையா என்பது. திரும்பத் திரும்ப அழிப்பதைப் பார்க்கிற யாருக்கும் அது தோன்றும். ஓசிடி என்றால் சிகிச்சை வேறு மாதிரிப் போகும். உளவியலாளர் தனியாக உட்கார்ந்து பேசினார். பெரும்பாலான விதிகள் அவருக்குப் பிடித்தவையாக இருந்தன. நாலு பக்கமும் ஒத்துப்போவதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியை அவர் விவரித்த விதத்தில் பயம் எதுவும் இல்லை, இதைச் செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும் என்ற எண்ணமும் இல்லை. அழிக்கிற விதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் உடம்பு இறுகியது. ஆகவே ஓசிடி என்று சொல்லவில்லை, அழிப்பதை மட்டும் தனியாகக் கவனிப்பது என்று முடிவானது.

அடுத்தது, "மனம்போல் போடு" என்ற வாக்கியத்தை யாரும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். கலை வகுப்பு எடுக்கிற எங்களுக்கு அது வாயில் வந்து நிற்கிற வாக்கியம், அதனால் இதைக் கறாராகவே வைத்துக்கொண்டோம். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதே பெரிய அவஸ்தையாக இருக்கும் ஒருவரிடம் போய் எல்லையே இல்லை என்று சொல்வது சுதந்திரம் கொடுப்பதாகாது. அவருக்கு விதி என்பது பிடித்துக்கொள்ள ஒரு இடம். அதை எடுப்பதானால் அந்த இடத்தில் வேறொன்று வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு விதிக்கும் யார் சொன்னது, எந்த வயதில், எதற்காக என்று அவரே எழுதிப் பார்ப்பது. இதை அவர் மிகவும் ரசித்துச் செய்தார். விடியுமுன் போட வேண்டும், புள்ளி விடுபடக் கூடாது என்ற இரண்டும் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அப்பாயி (அப்பாவின் அம்மா) சொன்னவை. ஒரே இழை என்பது பன்னிரண்டு வயதில் ஒரு கோலப் போட்டியில் நடுவர் சொன்னது. மூன்றாம் பரிசு கொடுத்துவிட்டு, ஒரே கோட்டில் முடித்தால்தான் அது சிக்குக் கோலம் என்றாராம். அழித்துவிட்டுத் தொடங்குவது ஏழாம் வகுப்பு டிராயிங் பீரியடிலிருந்து வந்தது. அங்கே ரப்பர் வைத்ததற்கான தடம் தெரிந்தால் அந்தத் தாளே கிழிபடும். யாரையும் போல இருக்கக் கூடாது என்பது கல்லூரியில் ஒரு டிசைன் போட்டியில் காப்பி அடித்ததாகப் பலர் முன்னால் சொல்லப்பட்ட பிறகு வந்தது. நாலு பக்கமும் ஒன்றுபோல இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, அது அவருக்குப் பிடிக்கும்.

கலர் கூடாது என்பதற்கு எவ்வளவு யோசித்தும் யார் சொன்னதென்று நினைவு வரவில்லை. தெரபிஸ்ட் கலர் மாவைக் கையில் கொடுத்துப் பார்த்தார், ஒரே நொடியில் உதறிவிட்டார். அந்த மாவின் நறநறப்பு அவர் விரலுக்கு ஆகாது. அது விதியே இல்லை, விரலின் விருப்பம். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், கலர் போடச் சொல்லவும் இல்லை.

எந்த விதியில் தொடங்குவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அதிகம் வலி தருவது அழிக்கிற விதி, அதிலிருந்து தொடங்கலாம் என்றார் தெரபிஸ்ட். ஒரே இழையிலிருந்து தொடங்கலாம் என்றேன் நான், ஏனென்றால் அதை ஆதாரத்தோடு ஆராய முடியும். இவர் யார் சமாதானம் சொன்னாலும் அசைய மாட்டார், நிரூபணத்துக்கு அசைவார்.

ஒரே இழை

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்பது சும்மா பெருமைக்குச் சொல்வதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனாவும் கிட்டத்தட்ட நம் சிக்குக் கோலம் போலத்தான் இருக்கும். மொசாம்பிக் கணிதவியலாளர் பாவ்லுஸ் கெர்டஸ் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த ஆய்வுகளிலிருந்து எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு செய்தி. நேர்ப்புள்ளியைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் இழைகள் வெட்டிக்கொண்டு போகும்படி வேறெதுவும் செய்யாமல் பின்னினால், எத்தனை இழை வரும் என்பது நீளப் புள்ளி, அகலப் புள்ளி இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். 3-க்கு 4 வைத்தால் ஒரே இழை. 4-க்கு 6 என்றால் இரண்டு. 4-க்கு 4 என்றால் நாலு இழை, 5-க்கு 5 என்றால் ஐந்து. நடுவர் வந்து போட்டாலும் 4-க்கு 4 வெறும் பின்னலில் ஒரே இழை வராது.

இதை நான் சொன்னதும் அவர் நம்பவில்லை, நம்பவும் கூடாது. கட்டம் போட்ட தாளில் 2-க்கு 2-லிருந்து தொடங்கி வரைந்துகொண்டே போனார், வீட்டிலும் அதேதான், அவருடைய அம்மா போன் செய்து இது நல்லதா கெட்டதா என்று கேட்குமளவுக்கு. இரண்டு வாரம் கழித்து வந்தபோது முகமே வேறாக இருந்தது. அத்தனை நாள் அழித்தவற்றில் நிறைய கோலங்கள் தன் கை தப்பியதால் கெட்டுப்போகவில்லை, அந்தப் புள்ளி வைப்பே அப்படித்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதோடு விடவில்லை. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் திருப்பிவிட்டால் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும். இதை அவரே கண்டுபிடித்தார். அப்படியானால் 4-க்கு 4-ல் சரியான மூன்று இடங்களில் திருப்பினால் நாலும் ஒன்றாகிவிடுமே என்று போட்டார், ஆனது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தார், கோலத்தைத் தள்ளி நின்று பார்க்கும்வரை. மூன்று திருப்பங்களை நாலு பக்கமும் சமமாக வைக்க வழியில்லை. ஒரு பக்கம் எப்போதும் குறையும்.

"அக்கா, இந்த ரெண்டு ரூலும் இதுல ஒண்ணா இருக்க முடியாது" என்றார். அன்று அதற்குமேல் எதுவும் பேசவில்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டார். பயிலரங்கு முடிந்து இரண்டு மாதம் கோலத்தைத் தொடாமல் இருந்த மாதிரி ஆகிவிடுமோ என்று எங்களுக்குக் கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் வந்தார். விதித் தாளைத் திருத்தி எழுதியிருந்தார். "ஒரே இழை வேண்டும் என்றால் நாலு பக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். நாலு பக்கம் வேண்டும் என்றால் எத்தனை இழை வந்தாலும் சரி." இரண்டு விதியும் அப்படியேதான் இருந்தன, நடுவில் ஒரு "என்றால்" வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத் தான் போட்டதைச் சொந்தக் கோலம் என்று முதல்முறையாகச் சொன்னார். எந்த இடத்தில் வெட்ட விடுவது, எந்த இடத்தில் திருப்புவது என்ற தேர்வுதான் அவருடைய வழியானது. அந்தத் தேர்வுக்கு முடிவே கிடையாது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இருப்பது இரண்டு மூன்று வழிகள்தான். அவருக்குத் தேவைப்பட்டது அந்த அளவுதான்.

அழிக்கிற விதி

இதில் நிரூபணம் எதுவும் உதவவில்லை. தப்பான இழையைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு உடம்பில் வலிக்கிற மாதிரி இருந்தது. தெரபிஸ்ட் ஒரு திட்டம் வைத்தார், அவர் சம்மதித்தார்: அழிக்கலாம், ஆனால் அழிக்குமுன் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து. எவ்வளவு நேரம் என்பதை அவரே சொல்வார். டைமர் வைத்தோம். வேலையில் மூழ்கியிருந்தால் டைமர் அடிப்பது காதிலேயே விழாது, மூழ்காத நாளில் அந்தச் சத்தமே தாங்காது, ஆகவே டைமர் போனது. அதற்குப் பதில் யாராவது ஒருவர் டீ கொண்டுவந்து வைப்போம், குடித்து முடித்தபின் அழிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். இது நன்றாக வேலை செய்தது. பல நாள் அழித்தார், சில நாள் அழிக்கவில்லை. போனில் சேர்ந்த போட்டோக்களைப் பார்த்து, இதில் இந்த மூலையை மட்டும் எடுத்து வேறொன்று செய்யலாம் என்று ஒருநாள் அவராகவே தொடங்கினார்.

ஆகஸ்டில் ஒரு சறுக்கல். வீட்டில் அம்மா, உதவுவதாக நினைத்து, ஈரத்துணியை ஒளித்துவைத்துவிட்டார். தப்பான கோலம் கண்முன் கிடக்க, துணி இல்லை, கேட்டாலும் கிடைக்கவில்லை. அன்று அவர் கையாலேயே தரையைத் தேய்த்து விரலில் ரத்தம் வந்துவிட்டது. துணி எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அழிக்கும் உரிமை அவருடையது என்று அம்மாவிடம் அப்புறம்தான் விளக்கமாகப் பேசினோம். அழிக்க முடியும் என்று தெரிந்தால்தான் அழிக்காமல் இருந்து பார்க்கவே அவரால் முடிந்தது. அம்மாவுக்கு இது புரியச் சில நாள் ஆனது, அவரையும் குறை சொல்ல முடியாது, மகள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவர்.

அப்பாயி

தீபாவளிக்கு அப்பாவோடு ஊருக்குப் போனார். போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துப்போனார், அப்பாயி சொன்னதைப் போனில் பதிவும் செய்துவந்தார். அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம்.

விடிந்தபின் ஏன் கோலம் போடக் கூடாது என்று கேட்டதற்கு, "மாடு வெளிய போகுமுன்ன போட்டாகணும் பாப்பா, இல்லன்னா நாம வாசல்ல குந்தியிருக்கும்போதே மிதிச்சுட்டுப் போகும்" என்றார் அப்பாயி. தப்பாகப் போய்விட்டால் அழிப்பீர்களா என்பதற்கு, "அடுப்புல பால் பொங்குது, இதுல எங்க அழிக்கிறது? கோணின இடத்துல ஒரு பூவப் போட்டு மூடிட்டு உள்ள வந்துடுவேன்." சொந்தமாகக் கோலம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டபோது அப்பாயிக்குக் கேள்வியே புரியவில்லை. எல்லாம் யார் வாசலிலோ பார்த்ததுதான், பார்த்துவிட்டு வந்து புள்ளி பத்தாவிட்டால் குறைத்துப் போடுவது, அவ்வளவுதான் என்றார்.

எல்லாவற்றிலும் இப்படி இளகினார் என்று நினைத்துவிடக் கூடாது. அமாவாசையன்றும் திதியன்றும் வாசலில் கோலம் போடலாமா என்று இவர் கேட்டதும் அப்பாயி குரல் மாறிவிட்டது. கூடாது என்றால் கூடாது. இவருக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. விதிகளில் சில கெட்டியாக இருப்பதில் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

திரும்பி வந்து விடியல் விதியைத் திருத்தினார். மூன்றாவது மாடியில் மாடு இல்லை. "ஆள் நடமாட்டம் தொடங்குமுன்" என்று மாற்றினார், ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு மணிவரைகூட ஆகலாம் என்று அடைப்புக்குறியில் சேர்த்தார். காப்பி விதிக்கு அப்பாயி சொன்னது மட்டும் போதவில்லை. கோலம் போடும் பெண்கள் வடிவத்தைப் படமாக மட்டும் நினைவு வைப்பதில்லை, நேராகப் போ, வலப்பக்கம் திரும்பு, சுற்றி வா என்று கையின் நகர்வுகளாகவே நினைவு வைக்கிறார்கள் என்று கிஃப்ட் சிரோமணி எழுதியிருப்பதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "247 எழுத்தையும் யாரும் சொந்தமா உண்டாக்கறதில்லையே" என்றார். அந்த விதியை அடித்துவிட்டார். அவராக முழுதாக அடித்தது அந்த ஒன்றைத்தான்.

புயலும் மார்கழியும்

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எங்கள் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு வாரம் திறக்க முடியவில்லை. அவர் வீட்டில் மின்சாரம் இல்லை, வேலை நின்றது, தினசரி நேரம் எல்லாம் கலைந்தது. அந்த நாட்களில் பழைய விதிகள் மொத்தமாகத் திரும்பிவிட்டன. ஒரே இழை, நாலு பக்கம், முழுதாக அழிப்பு எல்லாம். போனில் பேசும்போது, கற்றது எல்லாம் போய்விட்டது என்று அழுதார்.

போகவில்லை என்பது எங்கள் கணிப்பு. வெளியே எல்லாம் நிச்சயமில்லாமல் போகும்போது உள்ளே இறுக்கிப் பிடிப்பது இயல்பு, அதுவும் ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு. ஆகவே அந்த நேரத்தில் விதியைத் தளர்த்தும் பேச்சையே எடுக்கவில்லை. பார்த்துப் பழகிய 7 புள்ளிக் கோலங்களை மட்டும் போடச் சொன்னார் தெரபிஸ்ட், அதையே தினமும் அதே நேரத்தில்.

டிசம்பர் 17-ந் தேதி மார்கழி பிறந்தது. முதல் சில நாள் பழைய கோலங்கள். அப்புறம் ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது: 5-க்கு 5 நேர்ப்புள்ளி, இரண்டு இழை, ஓரத்தில் ஒரே ஒரு பூ. அந்தப் பூ எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொங்கலுக்குள் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அவருடைய சொந்தக் கோலம்தான் வாசலில் இருந்தது. குடியிருப்புச் சங்கத்திலிருந்து தாழ்வாரத்தில் மாவு வழுக்குகிறது என்று ஒரு புகார் வந்தது, அதற்கு அப்பா போய்ப் பேசிச் சமாளித்தார். மார்கழிக் கோலப் போட்டியில் சேருகிறாயா என்று உறவினர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். நடுவர் என்ற ஆளே வேண்டாம் என்பது அவர் முடிவு, அதில் நாங்கள் தலையிடவில்லை.

அதன் பின்

2025 நடுவில் மறுபடி உட்கார்ந்து பேசினோம். தன் கோலங்களுக்கென்று ஒரு நோட்டு நிரப்பிவிட்டார், இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அழிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வேலைப்பளு கூடும் வாரங்களில் திரும்ப வருகிறது, வரும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரிகிறது. கோலத்தால் மெய்ப்பு தாமதமாவது நின்றுவிட்டது, வேறு காரணங்களால் ஆவது நிற்கவில்லை. புள்ளி விடுபடக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது, அதைத் தொட அவருக்கு விருப்பமில்லை. புள்ளியில்லாக் கோலம் இன்றுவரை போட்டதில்லை. போட வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

வீட்டில் இருப்பவர்களை முதல் வாரத்திலேயே சேர்ப்போம். அழிக்கும் துணி விஷயம் முன்பே பேசப்பட்டிருந்தால் ஆகஸ்டில் நடந்தது நடந்திருக்காது. விரல் தோல் உரிவதற்குக் கல்மாவை விட்டுப் பச்சரிசி மாவுக்கு மாறலாம் என்ற யோசனை வெகு தாமதமாக வந்தது, எறும்பு வரும் என்பதைத் தவிர அதில் பிரச்சினை எதுவுமில்லை. புயல், இடமாற்றம், வீட்டில் நோய் போன்ற நாட்களுக்கு என்ன செய்வது என்பதை எல்லாம் சரியாக இருக்கும்போதே அவரோடு சேர்ந்து எழுதி வைப்போம். விதிகள் திரும்பி வரும், அது தோல்வியில்லை என்ற வரியும் அதில் இருக்கும், அவர் கையெழுத்திலேயே.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. அதே வருடம் காமிக்ஸ் வரையும் ஓர் இளைஞர் வந்தார், அவருக்கும் விதிகள் அதிகம். விதியை யார் சொன்னது என்ற முதல் கேள்விக்கே அவர் பள்ளி நாட்களுக்குள் போய்விட்டார், கை நடுங்கியது, வேண்டாம் என்றார், அங்கேயே நிறுத்தினோம். அவருக்கு விதியின் ஊர் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டத்தை மட்டும் விதிக்கு வெளியே வைத்துக்கொள்வது என்று அவரே ஒரு ஏற்பாடு சொன்னார், அதன்படி வரைகிறார். இப்போதெல்லாம் விதிகளின் மூலத்தைத் தேடுமுன், தேடலாமா என்று முதலில் கேட்கிறோம். வேண்டாம் என்று சொல்பவர்களிடம் காரணம் கேட்பதில்லை.